ஒரு டிகிரியில் முப்பத்து நாலு மொட்டு

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். காலை ஒன்பதுக்கே வாசல் சிமெண்டில் கால் வைக்க முடியவில்லை. பி.பி. 140/90. மாத்திரை மூன்று. ஒன்றை இவர் துப்பிவிட்டார். கட்டிலுக்கு அடியில் தேடி எடுத்துத் தூர எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று கொடுத்தேன்.

இந்த நோட்டு ரேவதி சொல்லி வாங்கியது. ரேவதி பிசியோ, வாரம் மூன்று நாள் வந்து இவருக்குக் கை கால் பயிற்சி கொடுக்கும் பெண். "தெனம் எழுதி வெச்சிக்கங்கக்கா, டாக்டர்கிட்ட காட்டலாம்." டாக்டருக்கு முன்பக்கம். இது பின்பக்கத்திலிருந்து எழுதுவது. எவரும் பார்க்கப் போவதில்லை.

இவர் விழுந்து இன்றோடு ஒன்பது வாரம். நடக்கிறார். சாப்பிடுகிறார். பேச்சு தெளிவு. வலது கை மட்டும் சொன்னபடி கேட்பதில்லை. பேர் கேட்டால் சேகர் என்று சொல்கிறார். லாரி ஓட்டுகிறவன் என்றும் சொல்கிறார். கட்டின பெண்டாட்டி என்னைத்தான் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் கூப்பிட்டுப் பழகியதை வீட்டிலும் கூப்பிடுகிறார்: "சிஸ்டர், குடிக்கத் தண்ணி கெடைக்குங்களா?" கலா என்று எனக்கு ஒரு பேர் இருப்பது எனக்கே சில சமயம் மறந்துபோகிறது.

பகல்: ரசம், முட்டை. ராத்திரி: இட்லி மூன்று. மோட்டார் ரிப்பேர், தண்ணி வரவில்லை.

மே 5, திங்கள்

ரேவதி வந்தாள். பயிற்சி முக்கால் மணி நேரம். போகும்போது வாசலில் நின்று சொன்னது: "புடிச்ச பொருளா காட்டிக்கினே இருங்கக்கா. எதுல பத்திக்கும்னு சொல்ல முடியாது. ஒரு பெரியவரு, பொண்டாட்டியத் தெரியல, புள்ளையத் தெரியல. மாட்டுக் கழுத்து மணிய ஆட்டுனாங்க, கடகடன்னு எல்லாம் வந்துடுச்சி."

எங்களிடம் மாடு இல்லை.

இதுவரை காட்டியது:
லாரிச் சாவி. "சாவி" என்றார். எந்த வண்டி? சிரிப்பு.
கல்யாண ஆல்பம். பக்கம் பக்கமாகப் பார்த்தார். "நல்லா செலவு பண்ணிக்கிறாங்க."
மகள் இந்துவின் போட்டோ. "யாரு பொண்ணு? லட்சணமா இருக்குது."
இவர் அம்மா போட்டோ. கும்பிட்டார். சாமி என்று நினைத்தாரோ, அம்மா என்று நினைத்தாரோ.
பழைய மீன்குழம்பு. மூன்று தட்டு சாப்பிட்டார், அவ்வளவுதான்.

பாக்கி இருப்பது ஒன்று. மொட்டு. அது இங்கே இல்லை, கள்ளக்குறிச்சியில் ஒரு டிகிரியில் கிடக்கிறது.

மே 6, செவ்வாய்

அடுத்த வீட்டு மல்லிகாவை இவரோடு உட்காரவைத்துவிட்டு எங்கள் ஊர் வடக்கனந்தலில் பத்து மணி பஸ், கள்ளக்குறிச்சிக்கு. நான் வேலை பார்க்கும் அங்கன்வாடிக்கு இப்போது லீவு. அது ஒன்றுதான் உருப்படியான விஷயம்.

வேலை: 1. மாத்திரை. 2. இவர் சட்டைகளுக்குப் பட்டனை எடுத்துவிட்டு ஒட்டுகிற பட்டை வைக்கணும், டெய்லர். 3. மொட்டு.

மொட்டுச் சமாசாரத்தை எழுதிவைத்துவிடுகிறேன். எனக்கும் ஏதாவது ஆகிவிட்டால் சொல்ல ஆள் வேண்டுமே.

இருபது வருஷமாக இவர் கல்வராயன் மலையிலிருந்து புளி ஏற்றிவந்து கள்ளக்குறிச்சி கோல்டு ஸ்டோரேஜில் இறக்கிக்கொண்டிருந்தார். சொந்த மினி லாரி. நாலு வருஷத்துக்கு முன்னால் போனில் ஒரு பூவைப் பார்த்தார். பியோனி. குளிர்தேசத்துப் பூ, கிழங்கிலிருந்து வரும். இமாச்சலத்திலிருந்து பார்சலில் பன்னிரண்டு கிழங்கு வந்தது. சேப்பங்கிழங்கு என்று நான் கழுவப் போனேன். குளிர்காலம் முழுக்க உறைபனியில் கிடந்தால்தான் பூக்குமாம். நம் மலையில் அந்தக் குளிர் ஏது? "மலைல இல்லன்னா இன்னா, கோல்டு ஸ்டோரேஜுல இருக்குதில்ல" என்றார். கார்த்திகையிலிருந்து மாசி பிறக்கும்வரை தொட்டிகளைக் கொண்டுபோய்ப் புளி மூட்டைக்குப் பக்கத்தில் வைப்பார். பிறகு லாரியில் மலைக்கு, வெள்ளிமலைப் பக்கம் பொன்னுசாமி கொல்லைக்கு. பொன்னுசாமி மலைக்காரர், இவருக்குப் புளி கொடுப்பவர், சினேகிதர். ஏழு கிழங்கு பிழைத்தது. மூன்று வருஷமும் வெறும் இலை. டீக்கடையில் ஒருத்தன் பாக்கியில்லாமல் சிரித்தார்கள். "பியூன் பூவா சேகரு? கலெக்டர் பூ கெடைக்கலியா?"

இந்த வருஷம் மொட்டு வைத்தது. ஆனால் பூக்கப் போவது மார்ச்சில். மலையில் கோடை விழாவும் பூப்போட்டியும் மே கடைசியில். அதற்கும் இவரிடம் பதில் இருந்தது. "மொட்டுலயே அறுத்து ஒரு டிகிரில தூங்க வெச்சிடுவேன். விழாவுக்கு ரெண்டு நாள் இருக்கசொல்ல எழுப்பி வுட்டா போதும். சிரிச்சவன்லாம் மலையேறி வந்து பாக்கட்டும்." போட்டிக்குப் பேர் கூடச் சொல்லி வைத்தாகிவிட்டது. மார்ச் 2, விடிகாலை, குளியலறையில் விழுந்தார்.

அறுத்தது நான். மார்ச் 21. இவர் நோட்டில் எழுதியிருந்தபடி:
மொட்டை அமுக்கினால் ஆறின இட்லி மாதிரி அமுங்கணும். கல் மாதிரி இருந்தால் தொடாதே.
தண்டு ஒரு முழம். இலை இரண்டு விட்டுவிட்டு மீதி கிள்ளு.
பேப்பரில் சுற்று. படுக்கவை. மேலே பாலிதீன்.
தண்ணி கூடாது. (இரண்டு கோடு போட்டிருக்கிறார்.)

முப்பத்து நாலு மொட்டு. இவர் ஐ.சி.யூ.வில் இருந்தார், நான் மலையில் மொட்டு அமுக்கிக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர்கள் என்ன பேசினார்களோ. பேசட்டும்.

இன்று போனால் உள்ளே விடவில்லை. மேனேஜர் தணிகாசலம் நல்ல மனுஷர்தான், இவரோடு பழக்கம், வாடகை கூடக் கேட்கவில்லை. "கதவ சும்மா சும்மா தொறந்தா டிகிரி ஏறிடும்மா. பேரீச்சம்பழக்காரன் சத்தம் போடுவான்" என்றார். சின்ன அறை, பேரீச்சம்பழப் பெட்டிகளும் எங்கள் மொட்டும். கதவுக்கு வெளியே மீட்டர். 1.2. "கரெக்டா இருக்குது பாருங்க" என்றார். பார்த்தேன். கரெக்டாக இருந்தது.

பெருக்கும் அஞ்சலையைத் தாழ்வாரத்தில் பார்த்தேன். புடவை மேலே கம்பளி போர்த்திக்கொண்டு, கத்திரி வெயிலில். உள்ளே போய்ப் பெருக்குவது அவள்தான். "அண்ணன் எப்டிக்கிறாரு?" என்றாள். இருக்கிறார் என்றேன். "பூவப் பத்தி கவலப்படாத அக்கா, நான் பாத்துக்கறேன்." பாத்துக்கோ என்றேன்.

டெய்லர் கடை பூட்டியிருந்தது.

மே 9, வெள்ளி

வெயில். பி.பி. 130/80. இன்றைக்கு இவரே சட்டை போட்டுக்கொண்டார், உள்புறம் வெளியே. அவிழ்க்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

இந்து போன், ஓசூரிலிருந்து. அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன். இவர் "வணக்கங்க" என்றார். அப்புறம் "சாப்டீங்களா?" என்றார். அப்புறம் போனை என்னிடம் நீட்டி, "யாரோ அழுவுறாங்க சிஸ்டர்" என்றார்.

இந்து கேட்டாள், நீ எப்டிம்மா அழாம இருக்க? தெரியவில்லை. பால் பொங்கிக்கொண்டிருந்தது, வைத்துவிட்டேன்.

நிஜமாகவே தெரியவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாரோ கன்னம் மாதிரி இருக்குமே, ஒன்பது வாரமாக அப்படி. வலி இல்லை. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மே 13, செவ்வாய்

அதே பஸ். பஸ்ஸில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தது: "அவன் மாமியா வூட்ல ஏசி போட்டாத்தான் போவானாம்." "போட்டாங்களா?" "மாமியாளே போய்ட்டா, சங்கராபுரத்துக்கு." ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. கேட்டது, எழுதினேன்.

விழாவுக்குப் பத்து நாள். மொட்டை ஒரு தடவையாவது தொட்டுப் பார்க்கணும் என்று தணிகாசலத்திடம் பிடிவாதமாக நின்றேன். திறந்தார்.

உள்ளே போனதும் வாசனை தப்பாக இருந்தது. ஈரச் சாக்கு வாசனை. பேப்பர் இல்லை, பாலிதீன் இல்லை. மொட்டுகளை வரிசையாக நனைந்த துணியில் படுக்கவைத்து, மேலே இன்னொரு நனைந்த துணி. தூக்கினேன். சாம்பல் நிறத்தில் பூஞ்சை. பூனைமுடி மாதிரி. முதல் வரிசை முழுக்க. இரண்டாவது வரிசை முழுக்க.

தணிகாசலம் "அடப்பாவி" என்றார். யாரை என்று கேட்கவில்லை. அஞ்சலையைக் கூப்பிட்டார்.

அஞ்சலை ஓடிவந்தாள். சந்தோஷமாகத்தான் வந்தாள். இங்கே வேலைக்கு வருமுன் பதினைந்து வருஷம் பஸ் ஸ்டாண்டில் மல்லிகைப்பூ விற்றவள். "பூவு பேப்பருக்குள்ள காய்ஞ்சி கெடந்திச்சிக்கா. ஒரு சொட்டு தண்ணி வெக்கல நீயி. பாவம், உனக்கு இருக்கற கவலைல மறந்துட்டன்னு நெனச்சேன். தெனம் காலைல வந்ததும் தண்ணி தெளிச்சிக்கினுதான் இருந்தேன். ஞாயித்துக்கெழம கூட வந்தேன்க்கா, இதுக்குன்னே."

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு.

தணிகாசலம் கத்த ஆரம்பித்தார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். பாத்துக்கோ என்று சொன்னது நான். நம்ம ஊரில் பூவைப் பாத்துக்கோ என்றால் தண்ணி தெளி என்றுதான் அர்த்தம், வேறென்ன அர்த்தம்? தண்ணி கூடாது என்று நோட்டில் இரண்டு கோடு போட்டிருந்ததை அவளிடம் நான் ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. எனக்கே அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

அஞ்சலைக்கு விஷயம் புரிந்ததும் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் நின்றுகொண்டிருந்தேன். கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. குளிரில் விரல் மரத்துப்போனதுதான்.

எண்ணினேன். 34-இல் பூஞ்சை இல்லாதது 9. கடைசி வரிசையில் ஓரமாகக் கிடந்தவை, துணி எட்டாதவை. துடைத்து, புதுப் பேப்பரில் சுற்றி, வேறு தட்டில் வைத்தேன். மீதியை அஞ்சலையே பொறுக்கி எடுத்துக்கொண்டு போனாள்.

மே 14, புதன்

பி.பி. எடுக்க மறந்துவிட்டேன். பகல் மாத்திரை கொடுத்தேனா இல்லையா என்றும் சந்தேகம். மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்துத் தெளிந்தேன். கொடுத்திருக்கிறேன்.

அஞ்சலை காலையில் வீட்டுக்கே வந்துவிட்டாள், கள்ளக்குறிச்சியிலிருந்து. கையில் ஒரு பை வெள்ளரிப்பிஞ்சு. இவர் அவளைப் பார்த்து "வாங்கக்கா" என்றார். அவளையும் தெரியாது, எல்லாரையும் அப்படித்தான். அவள் இவர் காலைத் தொட்டாள். இவர் பதறி, காலை இழுத்துக்கொண்டு, "இன்னாங்க சிஸ்டர் இது, யாருங்க இவங்க?" என்றார்.

காபி கொடுத்து அனுப்பினேன். "என்ன நாலு வார்த்த திட்டிடு அக்கா, எனக்குச் சோறு எறங்கல" என்றாள். திட்டத் தெரிந்தால் திட்டியிருப்பேன்.

மே 17, சனி

பொன்னுசாமி மலையிலிருந்து இறங்கி வந்தார். பஸ்ஸில் பலாப்பழத்தோடு. வீடு முழுக்க பலா வாசனை. இவர் எட்டுச் சுளை சாப்பிட்டார், சர்க்கரை இல்லை, பரவாயில்லை.

பொன்னுசாமி எதிரில் உட்கார்ந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நாந்தான், பொன்னுசாமி" என்றார். இவர் மரியாதையாகத் தலையாட்டினார். "மலையில இருந்துங்களா? மழ உண்டா?" பொன்னுசாமிக்கு அதுவே போதுமாக இருந்தது. மழை, புளி, ரோடு பற்றி அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆள் தெரியாமலே நன்றாகப் பேசினார்கள்.

அடுப்படிக்கு வந்து என்னிடம் விழாச் செய்தி. 23 காலை பத்துக்குள் பூவைப் பந்தலில் வைத்துவிடணும். அண்ணன் பேர் பட்டியலில் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். ஒன்பது மொட்டுதான் மிச்சம் என்று சொன்னேன். விரலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தார். "ஒன்னு விரிஞ்சா போதும் அண்ணி. ஒன்னே ஒன்னு. பூ எப்டி இருக்கும்னு மலைல எவனும் பாத்ததில்ல, நானும் பாத்ததில்ல. நாலு வருசமா தண்ணி ஊத்திக்கினு கெடந்தேன்."

நானும் பார்த்ததில்லை. இவரும் போனில் பார்த்ததுதான். இந்தக் கிழங்கில் என்ன நிறம் வரும் என்று கூடத் தெரியாது. பார்சல் மேல் எழுதியிருந்தது மழையில் அழிந்துவிட்டதாம்.

மே 20, செவ்வாய்

எழுப்பும் நாள். இவர் நோட்டுப்படி விழாவுக்கு இரண்டு நாள் முன்னால். நான் மூன்று நாளாக வைத்துக்கொண்டேன். எனக்கு அனுபவம் இல்லை.

வீட்டில் வைத்தால் இந்தச் சூட்டில் கருகும். தணிகாசலம் தன் ஆபீஸ் அறையை விட்டுக்கொடுத்தார், ஏசி உண்டு. தண்டை ஒரு அங்குலம் சாய்வாக நறுக்கி, வெதுவெதுப்பான தண்ணியில். வாயகன்ற ஊறுகாய் பாட்டில் மூன்று, பாட்டிலுக்கு மூன்று மொட்டு. மேசை மேல், ரசீது புத்தகங்களுக்கு நடுவில். அஞ்சலை வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரமாட்டேன் என்றாள்.

"இப்ப தண்ணி வெக்கலாமா?" என்று மட்டும் கேட்டாள். இப்போ வைக்கலாம் என்றேன்.

மே 21, புதன்

ஒன்பதில் நாலு, தண்டு கறுத்துத் தலை சாய்ந்துவிட்டது. எடுத்துவிட்டேன். மூன்று அப்படியே, கல். இரண்டு கொஞ்சம் உப்பியிருக்கிறது. ஒன்றின் நுனியில் வெள்ளையா, ரோஸா, சொல்ல முடியாத ஒரு நிறம், நகம் அளவு.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ரேவதி இன்று வரவில்லை, அவள் பிள்ளைக்குக் காய்ச்சல். கை பயிற்சி நானே கொடுத்தேன். பந்தைப் பிடித்து விடணும். பத்து தடவை. ஏழில் நிறுத்திவிட்டார்.

மே 22, வியாழன்

ஒன்று விரிகிறது. ஒன்றே ஒன்று.

இன்னொன்று உப்பியபடியே நின்று, வெளி இதழ் பழுப்பாகி ஒட்டிக்கொண்டுவிட்டது. கல்லாக இருந்த மூன்றும் கல்தான். விரிகிற ஒன்று மட்டும் நான் போகும்போது கோழிமுட்டை அளவு, கிளம்பும்போது கைப்பிடி அளவு. வெளியே வெள்ளை, உள்ளே போகப் போக ரோஸ். வாசனை உண்டு. பன்னீர் மாதிரி, ஆனால் கம்மி. தணிகாசலம் லோடு ஆட்களை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுக் காட்டினார். ஒருத்தர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தார்.

மதியமே பொன்னுசாமி வந்துவிட்டார், கையில் பூ கொண்டுபோக பிளாஸ்டிக் வாளி, சுற்றிலும் ஈரத்துணி, எல்லாம் ஏற்பாடு. சாயந்தர பஸ்ஸில் மலைக்குக் கொண்டுபோய், காலையில் பந்தலில் வைத்துவிடுவார். பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணன் சொன்னது நடந்துடுச்சி பாத்தீங்களா அண்ணி."

தரமாட்டேன் என்றேன். இதைச் சொல்லப்போகிறேன் என்று காலையில் எனக்கே தெரியாது. ஒரு பூதான் இருக்கிறது, அது வீட்டுக்குப் போகணும், அவர் பார்க்கணும் என்றேன்.

"விழா முடிஞ்சி ஞாயித்துக்கெழம எறங்கினதும் நேரா வூட்டுக்குக் கொண்டாந்துர்றேன்."

ஞாயிற்றுக்கிழமைக்குள் கொட்டிவிடும். அது அவருக்கும் தெரியும்.

"அண்ணன் கேட்டது விழாதான அண்ணி. நாலு வருசமா அது ஒன்னுதான் கேட்டாரு. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். கேட்டவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் அவரிடமே கேட்டுவிடுவேன். அவரைக் கூப்பிடத்தான் பூ வேண்டியிருக்கிறது. இதை இப்படிச் சொல்ல வரவில்லை. "முடியாது பொன்னுசாமி" என்று மட்டும் சொன்னேன். வாளியைத் தூக்கிக்கொண்டு போனார், கோபமா வருத்தமா தெரியவில்லை. பஸ் ஏறினாரா என்றும் பார்க்கவில்லை.

இன்னும் ஒரு நாள் ஏசியில் இருக்கட்டும், நன்றாக விரியட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன். பயமாக இருக்கிறது. ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒன்று தோன்றுகிறது, அது பயம். பூ விரியாமல் போய்விடுமோ என்று இல்லை. விரிந்த பிறகும் ஒன்றும் ஆகாமல் போனால், அதற்கப்புறம் காட்ட என்னிடம் வேறு எதுவும் இல்லை.

மே 23, வெள்ளி

முதல் பஸ். முழுசாக விரிந்துவிட்டது. சின்னத் தட்டு அளவு. இதழை எண்ண முடியாது, அத்தனை. அஞ்சலை இன்று உள்ளே வந்தாள். தொடவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

ஊறுகாய் பாட்டிலோடு மடியில் வைத்து, மேலே தணிகாசலம் கொடுத்த அட்டைப்பெட்டி கவிழ்த்து, பஸ்ஸில் ஜன்னல் ஓரம். வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் நான் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். கண்டக்டர்: "உள்ள இன்னாம்மா, கோழிக்குஞ்சா?" பக்கத்தில் இருந்த அம்மா பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரோஜாவா? இல்லியே. எந்தக் கோயிலுக்கு?" வீட்டுக்கு என்றேன்.

பதினொன்றரை. மல்லிகா கதவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். இவர் நாற்காலியில், ஃபேனுக்குக் கீழே. எதிர் ஸ்டூலில் பூவை வைத்தேன். பெட்டியை எடுத்தேன். நான் சுவர் ஓரமாக நின்றுகொண்டேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். குனிந்து மோந்து பார்த்தார். வலது கையை நீட்டினார், அது தடுமாறிப் போய் ஒரு இதழை உதிர்த்துவிட்டது. "அய்யய்யோ, மன்னிச்சிடுங்க சிஸ்டர்."

பரவாயில்லை என்றேன்.

"இன்னா பூங்க இது?"

"பியோனி."

"பியோனி." வாயில் வைத்துச் சொல்லிப் பார்த்தார். காத்திருந்தேன். மல்லிகாவும் காத்திருந்தாள். "நல்ல பேரு. யாரு வளத்தது?"

"நீங்கதாங்க."

சிரித்தார். "நானா? நான் லாரி ஓட்றவன்ங்க."

எல்லாம் சொன்னேன். போன், பார்சல், புளி மூட்டைக்குப் பக்கத்தில் தொட்டி, மலை, பொன்னுசாமி, மூன்று வருஷம் வெறும் இலை, டீக்கடைச் சிரிப்பு. ஆர்வமாகக் கேட்டார். யார் கதையோ கேட்பதுபோல் கேட்டார். முடித்ததும், "பாவம், அந்தாளு எவ்ளோ கஷ்டப்பட்டுக்கினு இருந்துக்கிறாரு" என்றார்.

மல்லிகா எழுந்து அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி: "யாரு வளத்தது சிஸ்டர்?" "நீங்க." "சும்மா சொல்லாதீங்க." சாப்பாடு. சாம்பார், அவரைக்காய். சாப்பிடும்போதும் பூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்திருக்கிறது, அது நிச்சயம். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் மூன்றாவது தடவை கேட்டார், நீங்க என்றேன், தலையை ஆட்டி மறுத்தார், எனக்குக் கால் வலித்தது, தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பொன்னுசாமி இந்நேரம் பந்தலில் இருப்பார். காலி இடத்தில் இவர் பேர் எழுதிய அட்டை இருக்கும்.

மூன்று மணி மாத்திரை. தண்ணி கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டார்: "இத யாருங்க வளத்தாங்க?"

"நான்தாங்க" என்றேன்.

டம்ளரைப் பிடித்தபடி தலையை நிமிர்த்தினார். மார்ச்சிலிருந்து இவர் என் முகத்தை இப்படி நிலைத்துப் பார்த்ததில்லை. பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பூவைப் பார்த்தார்.

"நீங்களா! கெட்டிக்காரிங்க நீங்க. உங்க வூட்டுக்காரரு குடுத்து வெச்சவரு."

"ஆமாங்க" என்றேன்.